வாய்க்கால் கரையில் ஓர் ஏதென்ஸ்

ஈர மண் ஒட்டிய ஒரு மண்வெட்டி எங்கள் கல்லூரியின் இரண்டாமாண்டு அரசியல் வகுப்புக்கு வெளியே சுவரில் சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில், வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் கரும்பலகையில் ஏதென்ஸ் நகரத்துச் சபையைப் படமாகப் போட்டுக்கொண்டிருந்தேன்: குன்று, பேசுகிறவர் ஏறி நிற்கும் கல்மேடை, எதிரே ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். மாணவர்கள் என் படத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துச் சிரித்தபோதுதான் திரும்பினேன். எங்கள் வாய்க்கால் நீர்பாய்ச்சி. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. வகுப்பு முடியட்டும் என்று காத்திருந்தாராம். "தண்ணி ஒங்க வரப்புக்கு வந்துருச்சு சார். போனு எடுக்க மாட்டேங்குறீக. மடையத் தெறக்க ஆளு வேணும்ல" என்றார். வண்டி நிறுத்துமிடம் வரை கூடவே நடந்து வந்தவர், பாதி வழியில், "அந்த ஊர்ல எல்லாரும் கையத் தூக்கித்தான் முடிவு சொல்லுவாகளா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நம்ம வாய்க்காலு மாதிரி" என்றார்.

அன்று அதை ஒரு நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். மதுரையில் ஒரு கருத்தரங்கில்கூட அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினேன், நல்ல கைதட்டல். இன்று அந்தக் கைதட்டலை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ராயப்பன்பட்டிக்குப் போகும் வழியில் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை உண்டு. அணையிலிருந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால், பெரிய வாய்க்காலிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால் ஒன்றில் ஐம்பது, அறுபது குடும்பங்களின் வயல்கள் பாயும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பாய்ச்ச முடியாது. அதனால் முறை வைத்திருக்கிறோம். யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, மடை மடையாகத் திறந்து அடைத்து, தலைமடையில் இருப்பவன் கூடுதலாக இழுத்துவிடாமல் பார்த்து, கடைமடை வரை தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நீர்பாய்ச்சியின் வேலை. அதற்கு அறுவடையின்போது களத்தில் நெல் அளந்து கொடுப்போம். அவருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி ஊர் ஒன்றிலிருந்து அறுப்புக்கு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். மழையை நம்பி வாழ்ந்த ஊர்க்காரர் என்பதாலோ என்னவோ, தண்ணீர் வீணாவதை அவரால் பார்க்க முடியாது. நண்டு வளையில் கசிகிற தண்ணீரைக்கூடக் காலால் மண் தள்ளி அடைத்துவிட்டுத்தான் நகர்வார். அவரை எல்லோரும் "ஏலே", "டேய்" என்று கூப்பிட்டார்கள். நான் மட்டும் "அண்ணே" என்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நான் முப்பது வருடங்களாக நடத்திய பாடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய ஏதென்ஸின் ஜனநாயகத்தைப் பின்னால் வந்த அறிஞர்கள் எப்படி எடை போட்டார்கள் என்பதுதான் அந்தப் பாடம். பெயர்களை எழுதப் போவதில்லை; படிக்கிற உங்களுக்குத் தேர்வு ஒன்றுமில்லை. முதலில் வருகிறவர், தன் ஆசிரியருக்கு அந்த நகரம் விஷம் கொடுத்ததைப் பார்த்த மாணவர். கப்பலை யார் ஓட்டுவது என்று ஏறி உட்கார்ந்தவர்களிடம் கேட்டு முடிவு செய்தால் கப்பல் கரை சேருமா என்பது அவருடைய கோபம். கூட்டத்துக்கு எதுவும் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. அவருடைய மாணவர் சற்றே இறங்கி வந்தார்: பலர் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்த விருந்து சில சமயம் ஒரே ஆள் சமைத்ததைவிட நன்றாக இருந்துவிடும் என்றார். ஆனாலும் அவருக்கும் முழு நம்பிக்கை இல்லை. பிறகு ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் ஜனநாயகம் என்ற சொல்லே ஒரு வசைதான். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் புதிய குடியரசை வரைந்தவர்கள்கூட, ஏதென்ஸ் போல ஆகிவிடக் கூடாது என்று பயந்து பயந்துதான் வரைந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலேயர் தடித்தடியான புத்தகங்கள் எழுதி அந்த ஊரின் பெயரை மீட்டார். அது முடிந்ததும் இருபதாம் நூற்றாண்டுக்காரர்கள் வேறொரு கேள்வியோடு வந்தார்கள். கூட்டம் நல்லதா கெட்டதா என்பது இருக்கட்டும், அந்தக் கூட்டத்தில் யாரெல்லாம் இல்லை? பெண்கள் இல்லை, அடிமைகள் இல்லை, வெளியூரிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் இல்லை.

இவ்வளவையும் நடத்துவேனே தவிர, என் சாய்வு எந்தப் பக்கம் என்று மாணவர்களுக்குத் தெரியும். முதலாமவர் பக்கம். நம்மிடம் குடவோலை இருந்ததே சார் என்று எந்த மாணவனாவது கிளம்பினால், அதிலும் யார் பெயர் குடத்துக்குள் போனது என்று பார் என்று வாயை அடைத்துவிடுவேன். நான் மிகவும் ரசித்து நடத்திய இடம் ஒன்று உண்டு. கடற்போரில் வென்று திரும்பிய தளபதிகளின் கதை. போர் முடிந்ததும் புயல் அடித்துவிட்டது. உடைந்த கப்பல்களில் தத்தளித்தவர்களை மீட்க முடியவில்லை. ஊரில் ஆத்திரம். தனித்தனியே விசாரிக்காமல், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு. ஊரில் இருந்த ஆறு பேரையும் கொன்றுவிட்டார்கள். பிறகு உட்கார்ந்து வருத்தப்பட்டார்கள். அன்று சபையை நடத்திய குழுவில் ஒரே ஒருவர் மட்டும், இது முறையில்லை, நான் உடன்பட மாட்டேன் என்று எழுந்து நின்றார். பின்னால் விஷம் குடிக்க நேர்ந்த அதே ஆசிரியர்தான் அவர். இந்த இடம் வரும்போது மேசையை விட்டு நகர்ந்து முன்னால் வந்து நிற்பேன். குரல் தானாக இறங்கும். கூட்டத்தை மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஒருவராக என்னை வைத்துக்கொள்வேன். வருடா வருடம் அப்படி நின்று பழகியதில், வாழ்க்கையிலும் நான் அப்படித்தான் நிற்பேன் என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

நீர்பாய்ச்சிக்கு ஏதென்ஸ் பிடித்துப்போயிற்று. என் வயலுக்குத் தண்ணீர் பாயும் நாட்களில் வரப்பில் நின்றபடி அந்த ஊரைப் பற்றிக் கேட்பார். ஒருமுறை நீதிமன்றத் தண்ணீர்ப் பானையைப் பற்றிச் சொன்னேன். வழக்கில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் பேச ஒரே அளவு நேரம். அடியில் சிறு துளை போட்ட பானையில் தண்ணீர் ஊற்றி, அது ஒழுகி முடியும் வரை பேசலாம். நடுவில் சட்டத்தை வாசிக்க வேண்டி வந்தால் துளையை அடைத்து வைப்பார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீரை வைத்துத்தான் நியாயம் அளந்தார்கள் என்றதும் அது தன் தொழிலைப் பற்றிய பேச்சாகிவிட்டது. துளையில் தூசி அடைத்துக்கொண்டால் ஒருத்தனுக்குக் கூடுதல் நேரம் கிடைத்துவிடுமே, அதை யார் பார்ப்பது என்று கேட்டார். "பானைக்குன்னு ஆளு ஒருத்தர் இருப்பாருல்ல, அவரு யாரு?" என்றார். சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள் என்றேன். "என்னய மாதிரி வெளியூர்க்காரன் பேரு அந்தச் சீட்டுல இருக்குமா சார்?" இருக்காது, குடிமக்கள் மட்டும்தான் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப பானையப் பாத்துக்குறவருக்காவது பேச்சுரிமை இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த மடைக்குப் போனார். இருபதாம் நூற்றாண்டு அறிஞர்களின் கேள்வியை அவர் ஒரு மடைக்கும் அடுத்த மடைக்கும் நடுவில் கேட்டுவிட்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. வாய்க்கால் சம்பந்தமான எந்த முடிவையும் மதகடியில் கூடி, கை தூக்கித்தான் எடுப்போம். ஆனால் ஒருவரை விலக்குவது, ஒருவருடைய முறையைப் பறிப்பது போன்ற முடிவு என்றால், கை தூக்கிய பிறகும் சிறிது நேரம் யாரும் கலையக் கூடாது. அந்த நேரத்துக்குள் பாத்தியப்பட்டவர் ஒருவராவது வாய்க்காலில் இறங்கி, ஒரு பிடி மண் எடுத்து மதகுப் படியில் வைத்துவிட்டால் போதும், முடிவு எட்டு நாள் தள்ளிப்போகும். ஏன் வைத்தாய் என்று அன்று கேட்கக் கூடாது. எட்டு நாள் கழித்துத் திரும்பக் கூடிப் பேசுவார்கள். கோபத்தில் எடுத்த முடிவு எட்டு நாளில் ஆறிவிடும் என்று யாரோ கண்டுபிடித்து வைத்தது. உலகத்தின் எந்த அரசியல் சாசனத்திலும் இப்படி ஒன்றை நான் படித்ததில்லை. ஆனால் அந்த மண்ணை எடுக்க வாய்க்காலில் நிலம் இருக்க வேண்டும். நிலமில்லாதவர் கூட்டத்தில் நிற்கலாம், கேட்டால் பதில் சொல்லலாம், அவ்வளவுதான்.

அந்த வருடம் அணையில் தண்ணீர் தாமதமாகத்தான் திறந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நடவு. நடவுக்கு ஆள் இல்லை. பெண்கள் விடிவதற்குள் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலத் தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். அங்கே மழைக்காலத்தில் வேலை அதிகம். அலைந்து திரிந்து ஒரு குழுவைப் பிடித்தேன். சனிக்கிழமை ஒரு நாள்தான் வர முடியும் என்றார்கள். எனக்கும் அன்று விடுமுறை. ஆனால் என் முறை செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை மாலை டீக்கடையில் அவரைப் பார்த்து, வெள்ளிக்கிழமை பகலில் ஒரு மூன்று மணி நேரம் எனக்கு விட முடியுமா அண்ணே என்று கேட்டேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நாளைக்கி மொற கடைமடைக்கு சார். அந்தக்கா நாத்தங்காலு காஞ்சுபோய்க் கெடக்கு" என்றார். கடைமடையில் அரை ஏக்கர் வைத்துக்கொண்டு தனியாக விவசாயம் பார்த்த ஒரு பெண்மணியைத்தான் சொன்னார். கணவர் இல்லை. மூன்று மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது, அதற்குப் பிறகு அவருக்கு விடுங்கள் என்றேன். அவர் கிளாஸை எடுத்து மீதி டீயைக் குடித்தார். பிறகு, "நீங்க இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. சரி சார்" என்றார். அந்த வாக்கியத்தை எனக்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை பகலில் என் வயல் நிறைந்தது. மாலையில், பெரிய வாய்க்காலில் எங்கோ கரை உடைப்பு என்று மேலேயே தண்ணீரை அடைத்துவிட்டார்கள். நான்கு நாட்கள் தண்ணீர் இல்லை. கடைமடைக்குப் போக வேண்டியது போகவே இல்லை. நான் சனிக்கிழமை நடவை முடித்துவிட்டேன். அந்தப் பெண்மணியின் நாற்றங்கால் பாளம் பாளமாக வெடித்து, நாற்று கருகிவிட்டது. மறுபடி நாற்றுப் பாவ அந்தப் போகத்தில் நேரமில்லை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை மதகடியில் கூட்டம். கருகிய நாற்றுமுடி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அக்கா ஓரமாக நின்றிருந்தார். சத்தம் போடவில்லை, அழவுமில்லை. சத்தம் போட்டவர்கள் மற்றவர்கள். அப்போது வாய்க்கால் சங்கத்துக்குத் தலைவராக இருந்த தென்னந்தோப்புக்காரர் நீர்பாய்ச்சியைப் பார்த்து, "கடைமடைத் தண்ணிய யாருக்கு விட்ட?" என்றார். நீர்பாய்ச்சி என் பக்கம் ஒரே ஒரு முறை பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. பேருந்தில் நமக்கு இடம் விடுவாரா என்று பார்ப்போமே, அந்த மாதிரி. பிறகு தலைவரைப் பார்த்து, "மொற மாத்துனது என் தப்புதேன்" என்றார். யாருக்கு என்று மறுபடி கேட்டார்கள். அதையே மறுபடி சொன்னார். காசு வாங்கியிருப்பான் என்று ஒரு குரல். இவனை வைத்திருந்தால் அடுத்த போகத்தில் நம் வயலும் காயும் என்று இன்னொரு குரல். துண்டால் முகத்தைத் துடைக்கிற நேரம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. இவரை நிறுத்திவிடலாமா என்று தலைவர் கேட்டார். கைகள் உயர்ந்தன.

என் கையும் உயர்ந்தது. இதை எத்தனையோ விதமாக எனக்கே விளக்கிப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் தூக்கும்போது தூக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தேன். கல்லூரியில் பெயர் கெடும் என்று நினைத்தேன். எட்டு நாள் கழித்து நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். ஆனால் அந்த எட்டு நாளை வாங்க மண் எடுக்க வேண்டும் அல்லவா? கை தூக்கிய பிறகு எல்லோரும் வழக்கப்படி கலையாமல் நின்றார்கள். வாய்க்கால் என் காலிலிருந்து நான்கு எட்டு தூரம். அதில் தண்ணீர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. குனிந்தால் மண் கைக்கு வந்துவிடும். பேச வேண்டியதுகூட இல்லை. அந்த நேரம் மிகவும் நீண்டதாக எனக்குத் தோன்றியது. வழக்கத்தைவிட நீளமாகவே காத்திருந்தார்கள் என்று பிற்பாடு புரிந்தது. யாரும் இறங்கவில்லை. அவர் மண்வெட்டியை மதகில் சாய்த்து வைத்துவிட்டு, என்னைத் தாண்டித்தான் நடந்து போனார். "வர்றேன் சார்" என்று வழக்கம்போல் சொன்னார். அந்த வாரத்துக்குள் குடும்பத்தோடு ஆண்டிபட்டிப் பக்கமே போய்விட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை, எனக்குத் தளபதிகளின் கதை நடத்த வேண்டிய வகுப்பு. நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன். கூட்டத்துக்கு யோசிக்கத் தெரியாது, அதற்கு ஆத்திரம் மட்டும்தான் தெரியும், இதோ நேற்று எங்கள் ஊரிலேயே ஒரு உதாரணம் என்று சொல்லிவிட்டேன். ஒரு மாணவி எழுந்து, "நீங்க அங்க இருந்தீங்களா சார்?" என்று கேட்டாள். இருந்தேன் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வகுப்பு மணி அடித்துவிட்டது.

அதற்குப் பிறகு பதினைந்து வருடங்கள் போயின. அறிஞர்கள் ஏதென்ஸை மாற்றி மாற்றி எடை போட்டது போலவே நானும் அந்த ஞாயிற்றுக்கிழமையை எடை போட்டுக்கொண்டிருந்தேன். முதல் சில வருடங்கள், கூட்டத்தின் அறியாமை என்றேன். அவர்களுக்கு உண்மை தெரியாது, தெரிந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். எனவே தப்பு கூட்டத்தினுடையது. பிறகு சிறிது காலம், நல்ல வழக்கம்தான், பயன்படுத்த ஆளில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொண்டேன். அதற்கும் பிறகு, நிலமில்லாதவருக்கு மண்ணெடுக்கும் உரிமை இல்லை என்பதுதான் அடிப்படைக் கோளாறு என்று கண்டுபிடித்து அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினேன். கட்டுரையில் சொன்னது உண்மைதான். ஆனால் அதில் வாய்க்கால் இருந்தது, வழக்கம் இருந்தது, நீர்பாய்ச்சி இருந்தார். வெள்ளிக்கிழமை நிறைந்த வயல் யாருடையது என்பது மட்டும் இல்லை. ஒவ்வொரு தீர்ப்பும் முந்தையதைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருந்தது, எல்லாவற்றிலும் நான் தப்பித்திருந்தேன்.

வாய்க்காலில் நடந்தது வேறு. அவருக்குப் பிறகு வந்த ஆட்கள் யாரும் இரண்டு போகத்துக்கு மேல் நிற்கவில்லை. தலைமடைக்காரர்கள் தங்கள் விருப்பத்துக்கு இழுத்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவதே அரிதாகி, அங்கே சிலர் நெல்லை விட்டுவிட்டார்கள். அந்த அக்கா விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஓரத்தில் நின்று பேசிப் பேசி, இப்போது சங்கத்துக்கு அவரே தலைவர். கைகளை எண்ணுகிறவர் இப்போது அவர்தான்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். செய்வதற்கு ஒன்றும் இல்லாத ஒரு காலையில் தேனி போய், அங்கிருந்து ஆண்டிபட்டி பஸ் ஏறினேன். விசாரித்து விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தபோது உச்சி வெயில். விசைத்தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெரு. மகளின் வீட்டில் தங்கியிருந்தார். தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி போடச் சொன்னார், மகளைக் கூப்பிட்டு, "ஆத்தா, சாருக்கு மோரு கொண்டா" என்றார். உட்கார்ந்ததும் வாய்க்காலைப் பற்றித்தான் கேட்டார். இந்த வருடம் எப்போது திறந்தார்கள், மூன்றாம் மடையில் கசிவு நின்றதா, கடைமடைக்குப் போய்ச் சேர்கிறதா? எனக்குப் பாதிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பஸ்ஸில் கோத்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். தப்பு என்னுடையது, உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன், பதினைந்து வருடமாகத் தூக்கமில்லை என்றேன். கடைசி வார்த்தை கொஞ்சம் மிகை. 

"நான் பேரச் சொல்லிருக்கலாம் சார்" என்றார். "சொன்னா ஒங்களுக்கு அசிங்கம். நீங்களே சொல்லுவீகன்னு இருந்தேன். படிச்சவுக, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுவாகன்னு இருந்தேன்." அப்புறம் சாதாரணமாக, வேறொரு தகவல் கேட்பது போல, "இத அங்கன மதகுல வச்சுச் சொல்லிட்டு வந்தீகளா, இல்ல இங்கன மட்டும் சொல்றீகளா?" என்றார்.

இங்கே மட்டும்தான் என்றேன். சரி என்று தலையாட்டினார். கோபம் இல்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். வெயிலில் நிற்காதீர்கள் என்று சொல்லியும் பஸ் வரும் வரை நின்றார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போனேன். மதகடியில் நாற்பது பேர் இருப்பார்கள். முன்பு இருந்தவர்களில் பலர் இல்லை, பிள்ளைகள் வந்திருந்தார்கள். வேலைகள் முடியட்டும் என்று காத்திருந்தால் மறுபடி நழுவிவிடுவேன் என்று தெரிந்ததால், தொடங்கும்போதே எழுந்தேன். அந்த வெள்ளிக்கிழமை கடைமடைத் தண்ணீர் என் வயலுக்குத்தான் வந்தது, நான் கேட்டுத்தான் அவர் விட்டார், அவர் காசு வாங்கவில்லை, தெரிந்தே கை தூக்கினேன் என்று சொன்னேன். யாரும் அதிரவில்லை. ஒரு பெரியவர் கீழே பார்த்துக்கொண்டு புல்லைக் கிள்ளினார். இளையவர்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தலைவரைப் பார்த்தேன். நாற்று கருகிப்போனது அவருக்குத்தானே?

"தெரியும் சார்" என்றார் அந்த அக்கா.

எனக்குப் புரியவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அந்தச் சனிக்கெழம இந்த வாய்க்காலு பூராவும் காஞ்சு கெடந்துச்சு. நடவு நட்டது ஒங்க வயலு ஒண்ணுதான. கூட்டத்துல நின்னு பாத்தா பச்சையாத் தெரிஞ்சுச்சு. தண்ணியில்லாமலா நட்டீக?"

மதகிலிருந்து பார்த்தால் என் வயல் தெரியும். எப்போதும் தெரியும். அன்று அத்தனை பேரும் அதற்கு எதிரே நின்றுதான் யாருக்கு விட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால், அது தெரியவில்லை. கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது என்று முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான்.

தெரிந்துமா அவரை அனுப்பினீர்கள் என்று கேட்டேன். கேட்கத் தகுதியில்லாத கேள்விதான். அவர் மறைக்கவில்லை. "எங்க மேலயும் தப்புத்தேன். நெலம் இல்லாதவரு, போன்னா போயிருவாரு. புள்ளைகளுக்குப் பாடம் சொல்ற ஒங்கள எப்படி நாலு பேருக்கு மத்தியில கேக்குறது? நானே மண்ணெடுக்கணும்னுதான் நெனச்சேன். அவரு போனா எனக்குத் தண்ணி கொண்டாந்து சேக்க யாரு இருந்தா? ஆனா கருகுன நாத்தக் கையில வச்சுக்கிட்டு நானே போயி எப்படி எடுக்க? அதான் நின்னோம். வழக்கமா நிக்கிறதவிட ரொம்ப நேரம் நின்னோம்."

கையில் இருந்த நோட்டை அவர் மூடினார்.

"எடுக்க வேண்டியவரு நீங்கதான. எடுத்துருவீகன்னு எல்லாரும் ஒங்க கையவே பாத்துக்கிட்டு நின்னோம் சார்."